நெப்பந்தஸ் ராஜா எலியைத் தின்னுமா?

கேள்வி இதுதான்: "போர்னியோவில் நெப்பந்தஸ் ராஜா என்று ஒரு குடுவைச் செடி இருக்கிறதாம், எலியையே பிடித்துத் தின்றுவிடுமாம். உண்மையா? பூச்சி பிடிக்க அவ்வளவு பெரிய குடுவை எதற்கு? கோயம்புத்தூரில் மாடியில் வைத்து வளர்க்கலாமா?"

முதலில் சுருக்கமான பதில். அந்தக் குடுவைக்குள் எலி செத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் எலி பிடிக்கத்தான் அது அவ்வளவு பெரிதாக வளர்கிறது என்பது தவறு. அந்தச் செடிக்கு எலியைவிட எலியின் புழுக்கைதான் முக்கியம். கோயம்புத்தூர் மாடியில் அது பிழைக்காது. சரி, இனி விரிவாகப் பார்க்கலாம்.

செடியின் ஊரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊர் தெரியாமல் இதன் போக்கு புரியாது. மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவின் வட முனைக்குப் பக்கத்தில், 4,095 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது கினாபாலு மலை. அதற்கு வடக்கே 2,579 மீட்டரில் தம்புயுகோன் என்று இன்னொரு மலை. உலகத்திலேயே இந்த இரண்டு மலைகளில் மட்டும்தான் நெப்பந்தஸ் ராஜா இயற்கையாக வளர்கிறது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. ஏறக்குறைய 1,500 மீட்டரிலிருந்து 2,650 மீட்டர் வரை, நீர் கசிந்துகொண்டே இருக்கும் சரிவுகளிலும் மண் சரிந்து வெட்டவெளியான இடங்களிலும் திட்டுத் திட்டாக இருக்கும். பகலில் இதமான வெயில், பிற்பகலில் மூடுபனி, ராத்திரி 10 முதல் 15 டிகிரி வரை குளிர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க இதே கதைதான், கோடை குளிர்காலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது.

மண்தான் விசேஷம். அல்ட்ராமாஃபிக் என்று நிலவியலாளர்கள் சொல்லும் பாறை உடைந்து உருவான மண் அது. மக்னீசியம் அளவுக்கு மீறி இருக்கும், நிக்கலும் குரோமியமும் பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சாகிற அளவுக்கு இருக்கும், செடிக்குத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மட்டும் சொற்பம். வேறு செடிகள் தயங்கும் மண் என்பதால் போட்டி குறைவு, வெயில் நன்றாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். நெப்பந்தஸ் இனம் மொத்தமும் குடுவை வளர்ப்பதற்குக் காரணம் இந்த மாதிரி சத்தில்லாத மண்தான்.

குடுவை என்பது பூ அல்ல, இலையின் ஒரு பகுதி. நம் தாவரவியல் பாடப் புத்தகங்களில் சொல்வதுபோல, நாம் இலை என்று நினைக்கும் பச்சைப் பட்டை உண்மையில் அகன்றுபோன இலையடி. அதன் நுனியிலிருந்து கிளம்பும் கம்பிபோன்ற பகுதி இலைக்காம்பு. அந்தக் கம்பியின் முனை வீங்கிக் குடுவையாகும் பகுதிதான் இலைப்பரப்பு. ராஜாவில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. கம்பி இலை நுனியிலிருந்து புறப்படாமல், சற்று உள்ளே தள்ளி, இலையின் அடிப்பக்கத்திலிருந்து கிளம்பும். இலையைத் திருப்பிப் பார்த்தால் இதை வைத்தே இனத்தை ஓரளவு அடையாளம் கண்டுவிடலாம். முதிர்ந்த செடியில் இலை 80 செ.மீ. வரை நீளும். குடுவை தரையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். 40 செ.மீ. உயரத்தைத் தாண்டிய குடுவைகளையும் அளந்திருக்கிறார்கள். பெரிய குடுவை ஒன்றில் மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும்.

பூச்சி பிடிக்கும் முறையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பூச்சி உள்ளே விழுந்ததும் மூடி டப்பென்று மூடிக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. குடுவை முதிர்ந்து மூடி ஒருமுறை திறந்தால் திறந்ததுதான், அசையவே அசையாது. வேலை செய்வது வாயைச் சுற்றியிருக்கும் வரி வரியான உதடு. மழையாலோ பனியாலோ தேனாலோ அந்த உதடு ஈரமாகும்போது, வரிகளுக்கு இடையே மெல்லிய நீர்ப் படலம் பரவி நிற்கும். எறும்பின் கால் ஒட்டுவதற்குப் பிடிமானம் கிடைக்காது, வழுக்கி உள்ளே போய்விடும். உதடு காய்ந்திருந்தால் அதே எறும்பு அதே உதட்டில் சாதாரணமாக நடந்து, தேன் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். ஜெர்மனியில் ஹோல்கர் போனும் வால்டர் ஃபெடர்லெயும் 2004இல் இதை நிரூபித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது ராஜாவை அல்ல, இன்னொரு போர்னியோ இனத்தை. ஆனால் உதட்டின் அடிப்படை அமைப்பு நெப்பந்தஸ் இனங்களுக்குப் பொதுவானது. உள்ளே விழுந்த பூச்சியைக் கரைப்பது புரதத்தை உடைக்கும் நொதிகள். அவற்றைச் செடியே சுரக்கிறது.

இப்போது எலிக்கு வருவோம். இந்தக் கதைக்கு வயது 160க்கு மேல்.

1858இல் ஹியூ லோவும் ஸ்பென்சர் செயிண்ட் ஜானும் சேர்ந்து கினாபாலுவுக்குப் போனார்கள். லோ லபுவான் தீவில் பிரிட்டிஷ் அதிகாரி, செடிகள் என்றால் உயிர். செயிண்ட் ஜான் புரூனேயில் பிரிட்டிஷ் தூதர். 1862இல் வந்த தன் பயண நூலில் செயிண்ட் ஜான் இரண்டு விஷயங்களைக் குறித்து வைத்திருக்கிறார். ஒன்று, கூட வந்த ஆட்களில் ஒருவர் இந்தக் குடுவையில் தண்ணீர் எடுத்துப் போவதைப் பார்த்து, வாங்கி அளந்திருக்கிறார்கள். நாலு பைண்ட், அதாவது இரண்டே கால் லிட்டர் அளவு. இன்னொன்று, பூ தேடி அலைந்த லோ ஒரு குடுவைக்குள் எலி மூழ்கிக் கிடப்பதைக் கண்டது. அவ்வளவுதான். எலியைச் செடி பிடித்தது, தின்றது என்று அவர் கதை கட்டவில்லை, கிடந்தது என்றுதான் எழுதினார்.

லண்டனில் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1859இல் இந்தச் செடியை முறைப்படி விவரித்துப் பெயர் வைத்தார். ராஜா என்றால் நம் ஊர் ராஜா யாரும் அல்ல. சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயரை 'வெள்ளை ராஜா' என்பார்கள், அவருக்கான மரியாதை அது. வேடிக்கை என்னவென்றால் கினாபாலு அவர் ராஜ்யத்திலேயே இல்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லோ எலியைப் பார்த்த காலத்தில், குடுவைச் செடிகள் விழுந்ததை ஜீரணிக்கும் என்பதே அறிவியலில் நிலைநாட்டப்படவில்லை. அதை ஹூக்கர்தான் பிற்பாடு செய்தார். முட்டையின் வெள்ளைக்கருவையும் இறைச்சித் துண்டுகளையும் நெப்பந்தஸ் குடுவைகளுக்குள் போட்டுப் பார்த்து, அவை கரைவதை 1874இல் பெல்ஃபாஸ்டில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் விளக்கினார். அடுத்த ஆண்டே பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய டார்வினின் நூலும் வந்தது. அதற்கப்புறம் எலியும் ஜீரணமும் ஜனங்கள் மனதில் தானாக ஒட்டிக்கொண்டன. மிகப் பெரிய குடுவை, உள்ளே எலி, ஜீரண நீர். முடிவுக்கு வர வேறென்ன வேண்டும்? எலி பிடிக்கும் செடி என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1988இல் இன்னொரு எலி கிடைத்த செய்தியும் வெளிவந்தது. அப்புறம் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

ஆனால் கணக்கு உதைக்கிறது. நூற்று முப்பது வருடத்தில் எழுத்தில் பதிவான எலிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு செடி இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு பெரிய பாத்திரத்தைக் கட்டி, இந்த அளவுக்கா வேட்டையாடும்? எலிக்குப் பற்கள் உண்டு, நகங்கள் உண்டு. ஆரோக்கியமான எலி பெரும்பாலும் ஏறித் தப்பிவிடும். நோயுற்றதோ களைத்ததோ, தண்ணீர் குடிக்கக் குனிந்து தவறி விழுந்ததோதான் சாகும் என்று நினைப்பதே நியாயமாக இருக்கிறது.

உண்மையான விடை முதலில் ராஜாவில் கிடைக்கவில்லை. அதே மலையில் வளரும் நெப்பந்தஸ் லோவியில் கிடைத்தது. ஹியூ லோவின் பெயர் கொண்ட செடிதான் அது, அவரே கண்டுபிடித்தது. அதன் மேல்குடுவை விசித்திரமானது. இடுப்பு ஒடுங்கி, வாய் அகன்று, மூடியின் அடியில் முள் முள்ளாகத் தூவிகள். அந்தத் தூவிகளில் வெண்ணெய்போல வெள்ளையாக ஏதோ கசிந்து நிற்கும். உதடோ ஏறக்குறைய இல்லவே இல்லை. பூச்சி பிடிக்க இதைவிட மோசமான வடிவம் இருக்க முடியாது. 2009இல் சார்லஸ் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் இதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். மலை மரமூஞ்சூறு என்ற சிறு விலங்கு அந்த வெள்ளைக் கசிவை நக்க வருகிறது, நக்கும்போதே குடுவைக்குள் கழித்துவிட்டுப் போகிறது. விலங்கின் எச்சத்தில் நைட்ரஜன்-15 என்ற கனமான வகை சற்றுக் கூடுதலாக இருக்கும். அதை அளந்து பார்த்ததில், முதிர்ந்த லோவிச் செடியின் இலைகளிலுள்ள நைட்ரஜனில் 57 முதல் 100 சதவீதம் வரை இந்த எச்சத்திலிருந்தே வந்திருக்கிறது என்று தெரிந்தது. இளஞ்செடியாகத் தரையில் இருக்கும்போது லோவி சாதாரணக் குடுவை வளர்த்து எறும்பு பிடிக்கிறது, வளர்ந்து கொடியாகி ஏறியதும் தொழிலையே மாற்றிக்கொள்கிறது.

மரமூஞ்சூறு என்றால் அணில் அளவில், கூரான மூக்கோடு, மரத்திலும் தரையிலும் ஓடித் திரியும் விலங்கு. அணிலும் அல்ல, மூஞ்சூறும் அல்ல, தனி வரிசை. நம் சேர்வராயன் மலைப் பக்கம் இருக்கும் மூங்கில் அணத்தானும் இதே வரிசையைச் சேர்ந்ததுதான். கினாபாலுவில் இருப்பது டுபாயா மொன்டானா என்ற இனம், பகலில் நடமாடுவது.

அடுத்த ஆண்டு, 2010இல், லிஜின் சின், ஜோனதன் மோரன், கிளார்க் மூவரும் அளவுகோலை எடுத்துக்கொண்டு ராஜா, லோவி, மேக்ரோஃபில்லா என்ற மூன்று பெரிய மலை இனங்களையும் அளந்தார்கள். மேக்ரோஃபில்லா அதே சபாவில் ட்ருஸ்மாடி மலையில் வளர்வது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மற்ற பெரும்பாலான நெப்பந்தஸ்களில் மூடி வாய்க்கு மேலே கூரையாகக் கவிந்திருக்கும். இந்த மூன்றிலும் மூடி பின்னால் சாய்ந்து, வாய்க்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். தேன் சுரக்கும் சுரப்பிகள் மூடியின் உட்புறத்தில் இருக்கின்றன. குடுவை வாயின் முன் விளிம்பிலிருந்து அந்தத் தேன் வரை உள்ள தூரத்தை அளந்தால், அது மலை மரமூஞ்சூறின் உடல் நீளத்தோடு ஒத்துப்போகிறது. அதாவது தேன் வேண்டுமென்றால் விலங்கு குடுவையின் மேலேறி, உதட்டில் காலூன்றி, மூடியைப் பார்த்து உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அதன் பின்பக்கம் சரியாகக் குடுவை வாய்க்கு நேர் மேலே இருக்கும். வேறு எப்படி உட்கார்ந்தாலும் தேன் எட்டாது.

ஆக, அவ்வளவு பெரிய குடுவை எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு விடை இதுதான். வாயின் அகலமும் மூடியின் தூரமும் ஒரு விலங்கு உட்கார்ந்து போவதற்கான அளவுகள். ஐரோப்பியப் பாணிக் கழிப்பறை நம் வீடுகளுக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த மலையில் அது வந்துவிட்டது.

எலி இந்தக் கதையில் மறுபடி வருகிறது, இந்த முறை பிணமாக அல்ல. 2011இல் வெளிவந்த இரண்டு தனித்தனி ஆய்வுகள் ராஜா குடுவைகளைக் கண்காணித்தன. பகலில் மரமூஞ்சூறு, ராத்திரியில் கினாபாலு உச்சி எலி. ரட்டஸ் பாலுவென்சிஸ் என்பது அதன் பெயர், உயரமான பகுதியில் வாழ்வது. இரண்டுமே மூடியை நக்கிவிட்டுக் குடுவைக்குள் புழுக்கை போட்டுச் செல்கின்றன. ஒரே குடுவைக்கு இரண்டு ஷிஃப்டில் வாடிக்கையாளர்கள். ராஜா குடுவையின் மூடி பழவாசனை போன்ற ஒன்றை வெளிவிடுகிறது என்பதையும் அதில் ஒரு குழு கண்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் அந்த வாசனையில் இருந்தன. இருட்டில் வரும் எலிக்கு மூக்குதானே வழிகாட்டி. பகலில் வரும் மரமூஞ்சூறுக்குக் கண் உண்டு. அதற்குப் பச்சையும் நீலமும்தான் நன்றாகத் தெரியும். மூடியின் உட்பரப்பு அந்த இரண்டு நிறப் பட்டைகளில்தான் குடுவையின் மற்ற பகுதிகளிலிருந்து எடுத்துக் காட்டுகிறது என்று மோரன் குழு 2012இல் எழுதியது.

இப்படியொரு ஏற்பாடு ஏன் இந்த மலையில் தோன்றியது? மலையில் ஏற ஏற எறும்புகள் குறைந்துகொண்டே போகும். சமவெளிக் குடுவைச் செடிகளின் அன்றாட உணவே எறும்புதான். அது கிடைக்காத உயரத்தில், வேறு ஏதாவது நைட்ரஜன் வழி கண்டுபிடித்த செடிக்கு ஆதாயம். வெப்ப ரத்த விலங்கின் எச்சம் பாதி ஜீரணமாகி வருவது, செடிக்குச் சிரமம் குறைவு. செத்துப்போன எலி ஒருமுறைதான் உரமாகும். உயிரோடிருக்கும் எலி குடுவை இருக்கும் வரை திரும்பத் திரும்ப வரும். தவிர, ஒரு முழு எலி அழுகினால் குடுவையே சேர்ந்து கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. அதனால் லோ பார்த்த அந்த எலியை நான் வேட்டை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வாடிக்கையாளர் கால் இடறி விழுந்த விபத்து என்றுதான் சொல்வேன்.

இதை வைத்து ராஜா பூச்சியே தின்பதில்லை என்ற மறு எல்லைக்கும் போய்விடக் கூடாது. லோவியைப் போல அது உதட்டை இழந்துவிடவில்லை. வரிகளும் பற்களும் கொண்ட பெரிய உதடு இன்னும் இருக்கிறது, எறும்பும் மற்ற பூச்சிகளும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டு தொழிலையும் சேர்த்துச் செய்கிற செடி என்று சொல்வதே பொருத்தம். சின்னச் செடியாக இருக்கும்போது குடுவை சிறிது, பூச்சி மட்டும்தான் வருமானம்.

குடுவைத் தண்ணீருக்குள்ளும் ஒரு குடித்தனம் நடக்கிறது. ஜீரண நீரில் சாகாமல் வாழும் கொசுப் புழுக்கள் அதில் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் சுகமோட்டோ 1989இல் இரண்டு புதிய கொசு இனங்களுக்கு இந்தச் செடியின் பெயரையே வைத்தார்: கியூலெக்ஸ் ராஜா, டாக்சோரிங்கைட்டஸ் ராஜா. இரண்டாவது ரகத்தின் புழு மற்றக் கொசுப் புழுக்களைப் பிடித்துத் தின்பது. வளர்ந்த டாக்சோரிங்கைட்டஸ் கொசு நம்மைக் கடிப்பதில்லை, தேன் குடித்தே வாழும். உள்ளே விழுந்ததையெல்லாம் இந்தப் புழுக்களும் பாக்டீரியாக்களும் துண்டு துண்டாக உடைத்துத் தர, செடி மிச்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

எச்சம் சேகரிக்கும் வழியைக் கண்டுபிடித்தவை மலைச் செடிகள் மட்டுமல்ல. போர்னியோவின் தாழ்நிலக் காட்டில் நெப்பந்தஸ் ஹெம்ஸ்லேயானா என்று ஒன்று. அதன் நீண்ட குடுவைக்குள் ஹார்ட்விக் கம்பளி வௌவால் பகல் முழுக்கத் தொங்கித் தூங்கும், கழிவு நேராகக் கீழே தண்ணீருக்குள். குடுவையின் பின்சுவர் வௌவாலின் மீயொலியைத் தெளிவாக எதிரொலித்து, இடத்தைக் காட்டிக் கொடுக்கும் வடிவத்தில் இருக்கிறது. புரூனேயில் நடந்த ஆய்வுகளில் தெரிய வந்தது இது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இனப்பெருக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெப்பந்தஸ் எல்லாமே ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பக்கத்தில் ஆணும் பெண்ணும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் விதை. பூப்பதற்கே ராஜா பல வருடம் எடுக்கும், வளர்ப்புச் செடிகளில் விதையிலிருந்து பத்து ஆண்டு வாக்கில் ஆகிறது. கினாபாலுவில் பல நெப்பந்தஸ் இனங்கள் அக்கம்பக்கத்தில் வளர்வதால் கலப்பும் தாராளமாக நடக்கும். ராஜா வில்லோசா என்ற இனத்தோடு கலந்து வந்தது கினாபாலுவென்சிஸ், பர்பிட்ஜியே என்ற இனத்தோடு கலந்து வந்தது அலிசாபுட்ரானா. குடுவையின் அழகு என்று பார்த்தால் அலிசாபுட்ரானா தன் பெற்றோர் இருவரையும் மிஞ்சும் என்பது என் கட்சி.

ராஜா அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கினாபாலு 1964இல் பூங்காவாகி, 2000இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. ஆனாலும் இழப்புகள் உண்டு. பூங்கா நிலத்தில் ஒரு பகுதி மாமுட் செப்புச் சுரங்கத்துக்காக வெட்டி எடுக்கப்பட்டது, அந்தச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை ஓடியது. 1997-98 எல் நினோ வறட்சியும் தீயும் மலைச் செடிகளைக் கடுமையாகத் தாக்கின. அதற்கும் மேல் செடி திருடுபவர்கள். சைட்டீஸ் எனப்படும் வனவுயிர் வணிக ஒப்பந்தத்தில் நெப்பந்தஸ் பேரினம் முழுதும் இரண்டாம் பட்டியலில் இருக்க, இரண்டே இனங்கள் மட்டும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. ஒன்று ராஜா. மற்றொன்று நம் மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. இந்தியாவில் இயற்கையாக இருக்கும் ஒரே நெப்பந்தஸ் அதுதான், வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வருவது. இலங்கையில் இருப்பதும் ஒரே இனம், டிஸ்டில்லடோரியா. சிங்கராஜா போன்ற ஈரக்காடுகளில் வளர்வது, சைட்டீஸில் இரண்டாம் பட்டியல்.

ராஜாவை அதன் இடத்தில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய பயணக் குறிப்புகளில் மெசிலாவ் என்ற இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2015 ஜூன் 5 அன்று வந்த 6.0 ரிக்டர் நிலநடுக்கத்தில் அந்தப் பாதை சேதமாகி மூடப்பட்டது. அதனால் பழைய குறிப்பை நம்பிக் கிளம்பாமல், எது திறந்திருக்கிறது என்று பூங்கா அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

கடைசியாக மாடி. ராஜாவுக்கு ராத்திரிக் குளிர் கட்டாயம். கோயம்புத்தூரின் சுகமான காற்று நமக்குச் சுகம், அதற்குப் போதாது. வெதுவெதுப்பான ராத்திரிகள் தொடர்ந்தால் செடி குடுவை போடுவதை நிறுத்தி, மெல்ல மெல்லச் சுருங்கிச் செத்துப்போகும். குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், மின் கட்டணத்தை நினைத்துவிட்டு இறங்குங்கள். கொடைக்கானல், ஊட்டி என்றால் நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் மார்கழி தை உறைபனியிலிருந்து காப்பாற்ற வேண்டும், அதன் சொந்த மலைச்சரிவில் அப்படி உறைவதில்லை. தண்ணீர் மழைநீராகவோ ஆர்.ஓ. நீராகவோ இருக்கட்டும், போர்வெல் தண்ணீரின் உப்பு வேரைக் கருக்கிவிடும். ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் கலந்து நடுவார்கள். தொட்டி மண்ணில் உரம் போடக் கூடாது. மரமூஞ்சூறுக்குப் பதிலாக, மெதுவாகக் கரையும் உர உருண்டை ஒன்றிரண்டைக் குடுவைக்குள் போட்டால் போதும்.

வாங்குவதானால் திசு வளர்ப்பிலோ விதையிலோ நாற்றங்காலில் உருவாக்கிய செடியாக, உரிய காகிதங்களோடு வாங்குங்கள். திசு வளர்ப்பு வந்த பிறகு காட்டிலிருந்து பிடுங்க எந்த அவசியமும் இல்லை. வெகுதூரம் போகாமலே பக்கத்தில், இலங்கையில், போர்னியோ எக்ஸாட்டிக்ஸ் என்ற நாற்றங்கால் நெப்பந்தஸ்களை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்கிறது. ஆன்லைனில் நூறு ரூபாய்க்கு வரும் 'ராஜா விதை' பாக்கெட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். நெப்பந்தஸ் விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும், அந்தப் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ செடியின் விதை. நீல நிறக் குடுவைப் படம் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

குடுவைச் செடி ஒன்று மாடியில் இருந்தே ஆக வேண்டும் என்றால், நர்சரிகளில் கிடைக்கும் வென்ட்ராட்டா கலப்பினத்தை வாங்கித் தொங்கவிடுங்கள். பாதி நிழல், கொஞ்சம் ஈரக்காற்று, நல்ல தண்ணீர் கிடைத்தால் கோயம்புத்தூர் வெயிலைச் சமாளித்துவிடும். அது பிடிப்பது எறும்பும் ஈயும்தான், எலிக்கு வீட்டில் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.